கேள்வி – பதில்: இதில் கதை எங்கே இருக்கு?

கேள்வி: ஜெனரேட்டரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய ரஜினி படமும் விஜயகாந்த் படமும் பார்த்து வளர்ந்தவன் நான். கம்பசில் படிக்கிற மகள் லீவில் வந்து ‘வீடு’ என்று ஒரு பழைய படத்தைப் போட்டாள். பாட்டில்லை, சண்டையில்லை, அரை மணித்தியாலத்தில் நித்திரை வந்துவிட்டது. இப்படிப்பட்ட படங்களை எப்படித்தான் பார்ப்பது?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: முதலில் பகலில் பாருங்கள், சாப்பிட்ட கையோடு வேண்டாம். அப்புறம், அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று காத்திருப்பதை விட்டுவிட்டு, இப்போது இந்த மனுசி என்ன செய்கிறாள், ஏன் முகம் வாடுகிறது என்று பாருங்கள். பாலு மகேந்திரா 1988இல் எடுத்த படம் அது. மட்டக்களப்பில் பிறந்தவர், சின்ன வயதில் தன் அம்மா வீடு கட்டிய நாட்களில் கண்டதுதான் அதற்கு வித்து என்று சொல்லியிருக்கிறார். சென்னையில் வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட, சுதா என்ற பெண் தாத்தாவையும் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு, இருந்த காணியில் ஒரு துண்டை விற்று மற்றத் துண்டில் வீடு கட்டத் தொடங்குகிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயைக் கட்டம் கட்டமாக வாங்கி, ஒரு கட்டக் காசு முடிந்து அடுத்தது வருமட்டும் தோட்டை அடகு வைத்து மேசனுக்குக் கூலி கொடுத்த எங்கள் சனத்துக்கு இந்தப் படத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. சீமெந்தைக் களவாக விற்கிற கொந்தராத்துக்காரரும், அதை முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற கூலிக்காரி மங்கம்மாவும் உங்களுக்குத் தெரிந்த ஆட்கள்தான். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது, எனக்கென்றால் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர்தான் படம். முடியாத வீட்டைப் பார்க்க அந்தக் கிழவர் தனியாகக் கிளம்பிப் போய், சுவரைத் தடவித் தடவி நடக்கிற இடம் ஒன்று வருகிறது, இளையராஜாவின் இசையோடு. நித்திரையில் அதைத் தவறவிட்டிருந்தால் மகளைப் பக்கத்தில் இருத்தித் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பாதியில் நிறுத்திவிட்டேன், நெஞ்சு படபடத்தது. இப்படி வருத்துகிற படத்தை ஏன் பார்க்க வேண்டும்?
– வாசகி, மல்லாவி

பதில்: நிறுத்தியதில் பிழையில்லை தங்கச்சி, மிச்சத்தை வேறொரு நாள் பாருங்கள். ஜோன் கசாவெட்டிஸ் 1974இல் எடுத்தது அது. பெரிய கம்பனிகளின் காசு இல்லை, வீட்டை அடகு வைத்தார், கணவன் நிக்காக நடித்த பீட்டர் ஃபோக்கும் தன் காசைப் போட்டார். மேபலாக வருகிற ஜீனா ரோலண்ட்ஸ் கசாவெட்டிஸின் மனைவி, அவர்கள் இரண்டு பேரின் அம்மாமாரும்கூட நடித்திருக்கிறார்கள். நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை, அந்தக் காலைச் சாப்பாட்டு மேசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிக் இரவு வேலை முடித்து, கூட வேலை செய்கிறவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவருகிறான், மேபல் எல்லாருக்கும் ஸ்பகெட்டி அவித்துப் போடுகிறாள், ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறாள், பாடுகிறவரைப் பார்த்துப் பூரித்துப் போகிறாள், வந்தவர்களின் மனம் குளிர வேண்டும் என்ற ஆசையில் ஒருவரிடம் கொஞ்சம் கூடுதலாக ஒட்டிக்கொண்டு கதைக்க, நிக் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மேபலுக்கு என்ன வருத்தம் என்று படம் கடைசிவரை பெயர் சொல்வதில்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு ‘அவவுக்குச் சரியில்லை’ என்ற ஒரு சொல்லோடு எத்தனை அக்காமாரை நாங்கள் கொண்டாட்ட வீடுகளுக்குக் கூப்பிடாமல் விட்டோம்? அவர்களோடு ஒரே மேசையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வைக்கிற படம் இது. அதனால்தான் பார்க்கச் சொன்னேன், இன்னும் சொல்வேன்.

கேள்வி: எங்கள் நாட்டில் இப்படித் தமிழில் யாராவது எடுத்தார்களா?
– வாசகர், மாங்குளம்

பதில்: 1977இல் வந்த ‘பொன்மணி’. எடுத்தவர் தர்மசேன பத்திராஜ, சிங்களவர், ஆனால் யாழ்ப்பாணத்துச் சீதனத்தையும் சாதியையும் அப்படியே காட்டினார். எங்கள் சனம் அதைக் கொண்டாடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு. சிங்களத்தில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இலேயே ‘ரேகாவ’ படத்துக்காகக் கமராவை ஸ்டூடியோவுக்கு வெளியே கிராமத்துக்குக் கொண்டுபோனவர், அதையும் தேடுங்கள்.

கேள்வி: நாங்கள் கிளிநொச்சிப் பெடியள் சிலர் ஃபோனிலேயே படம் எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். காசில்லை, நடிகர் இல்லை. எதைப் பார்த்துப் படிக்கலாம்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: சார்ள்ஸ் பேர்னெட்டின் ‘கில்லர் ஒஃப் ஷீப்’. 1970களில், லொஸ் ஏஞ்சல்சில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, வார இறுதிகளில், 10,000 டொலரும் செலவில்லாமல், வொட்ஸ் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் பெரும்பாலும் தெரிந்த ஆட்களை வைத்தே எடுத்தார். ஸ்டான் இறைச்சிக்கு ஆடு வெட்டுகிற இடத்தில் வேலை செய்கிறவன். அவனும் கூட்டாளியும் ஒரு கார் இஞ்சினைக் காசு கொடுத்து வாங்கி, படியிறக்கி, மூச்சு வாங்க வாங்கச் சுமந்து வந்து பிக்கப்பின் விளிம்பில் வைக்கிறார்கள். வண்டி அசைந்ததும் இஞ்சின் பின்னால் விழுந்து உடைகிறது. பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். யாரும் அழவில்லை, வசனமும் இல்லாத குறைதான், ஆனால் உழைத்த காசு றோட்டில் கிடக்கிறது. இதை எடுக்க உங்களுக்கு ஒரு லாண்ட் மாஸ்டரும் இரண்டு கூட்டாளிகளும் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அந்தப் படத்தில் பிடித்த பாட்டுகளையெல்லாம் உரிமை வாங்காமல் சேர்த்ததால் 2007 வரை அது தியேட்டருக்கு ஒழுங்காக வர முடியவில்லை. அதனால் நீங்கள் சினிமாப் பாட்டைப் போடாதீர்கள், வயலில் தண்ணீர் இறைக்கிற மெசின் சத்தமும் தூரத்துக் கோயில் ஸ்பீக்கரும் இருக்கின்றன. முடித்ததும் ஒரு கொப்பி எனக்கு அனுப்புங்கள், முழுவதும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.