கருக்கலைப்பைச் சட்டம் போட்டுத் தடுத்தால் தாய்மார்களின் உடல்நலம் காக்கப்படாதா?

காக்கப்படாது. இதற்கு ருமேனியாவை விடத் தெளிவான சான்று வேறில்லை. மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் சௌசெஸ்குவின் அரசு, 1966 அக்டோபரில் 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்து, சில விதிவிலக்குகள் தவிரக் கருக்கலைப்பைத் தடை செய்தது. மறு ஆண்டு பிறப்பு விகிதம் ஏறத்தாழ இரட்டிப்பானது. பிறகு படிப்படியாகச் சரிந்தது. பெண்கள் கருவைக் கலைப்பதை விடவில்லை, மருத்துவமனைக்குப் போவதைத்தான் விட்டார்கள். 1989இல் அங்கே ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 170 தாய்மார்கள் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கருக்கலைப்பால் இறந்தவர்கள். அந்த டிசம்பர் இறுதியில், ஆட்சி கவிழ்ந்த சில நாட்களில் தடை நீங்கியது. 1990இல் தாய்மார் இறப்பு விகிதம் பாதியாகக் குறைந்தது. ஓராண்டுக்குள் புதிய மருத்துவமனைகள் முளைத்துவிடவில்லை; மாறியது சட்டம்தான். கிருமித்தொற்று, நிற்காத உதிரப்போக்கு, கருப்பையில் துளை ஆகிய எல்லாமே நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் காப்பாற்றக்கூடியவை. அந்த நேரத்தைத்தான் வழக்கு பற்றிய அச்சம் பறித்துக்கொள்கிறது.

ஆனால் சட்டம் அனுமதித்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. இந்தியாவில் கருக்கலைப்பை அனுமதிக்கும் 1971ஆம் ஆண்டின் சட்டம் 1972 ஏப்ரல் முதலே நடைமுறையில் இருக்கிறது. அரசு மருத்துவமனையொன்றில் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண் வெளிறிய நாக்கோடும் நனைந்த சேலையோடும் ஆட்டோவிலிருந்து இறக்கப்பட்டதைப் பார்த்தேன். கரு எட்டு வாரமாக இருந்தபோதே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்; கணவரின் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கணவரோ துபாயில். ஒன்பது வாரம் வரை மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையிலேயே முடிந்திருக்க வேண்டியது, அலைந்து அலைந்து பதினான்காவது வாரத்தில் யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையில் போய் முடிந்தது. இரத்தம் ஏற்றிக் காப்பாற்றினோம்.

உண்மையில், பதினெட்டு வயது நிரம்பிய, மனநலப் பாதிப்பு இல்லாத எந்தப் பெண்ணுக்கும் 'சி' படிவம் எனப்படும் ஒப்புதல் படிவத்தில் அவருடைய கையெழுத்து ஒன்றே போதும். அப்படியிருந்தும் மருத்துவமனைகள் கணவரைத் தேடுவதற்குச் சட்டத்தின் அமைப்பே காரணம் என்பது என் கருத்து. கருக்கலைப்பு இன்றும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவில் குற்றமாகவே இருக்கிறது; 1971ஆம் ஆண்டின் சட்டம் அதிலிருந்து மருத்துவருக்கு ஒரு விலக்கை மட்டுமே அளிக்கிறது, பெண்ணுக்கு உரிமை என்று எதையும் சொல்லவில்லை. ஆகவே, பின்னாளில் வம்பு வரக்கூடாது என்று மருத்துவர் தம்மைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறார். 2021ஆம் ஆண்டின் திருத்தம் சிலருக்குக் கருவைக் கலைக்கும் கால வரம்பை 24 வாரமாக உயர்த்தியது; திருமணமாகாதவர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் வந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தரும்போது அவரும் அவருடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவர் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தீர்ப்பின் இந்தப் பகுதியை எடுத்துச் சொன்னால், இதைப் புதிதாகக் கேட்பது போல நிமிர்ந்து பார்க்கும் மருத்துவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.