எஃப்.எம். வாட்சை ‘ஆக்டிவேட்’ செய்ய முடியுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். கராஜ் சேலில் பழைய ஃபாசில் வாட்ச் ஒன்று வாங்கினேன். எஃப்.எம். வழியாகவே செய்தி, வானிலை எல்லாம் வருமாம். 60 டாலர் கொடுத்தால் ‘ஆக்டிவேட்’ செய்து தருவதாக இணையத்தில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: சல்லிக்காசு கொடுக்காதீர்கள். உங்களிடம் இருப்பது 2004-ல் கடைக்கு வந்த ‘ஸ்பாட்’ வாட்ச். அதற்குத் தகவல் அனுப்பிய மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். டைரக்ட் சேவை 2012 ஜனவரி 1-ம் தேதியே மூடப்பட்டுவிட்டது.

அந்தச் சேவை எப்படி நடந்தது என்றால், நம்மூர் பஸ் கூரையில் பூக்கூடை போகுமே, அந்தக் கதைதான். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கூடை இருப்பதே தெரியாது. எஃப்.எம். நிலையம் பாட்டோடு சேர்த்து, காதுக்கு எட்டாத 67 கிலோஹெர்ட்ஸ் சுமாரில் துணை அலை ஒன்றில் தகவலையும் ஏற்றிவிடும். வாருக்குள் இருக்கும் ஆன்டெனா அதைப் பிடிக்கும்; வாட்ச் தனக்கு வந்ததை மட்டும் இறக்கிக்கொள்ளும். வாங்கத் தெரியும், பதில் அனுப்பத் தெரியாது. இன்றும் பஸ் ஓடுகிறது, கூடை ஏற்றத்தான் ஆள் இல்லை. வாட்சுக்குள் எதைத் தட்டி என்ன பயன்?

இந்த ‘ஆக்டிவேட்’ ஆசாமிகளை எனக்குத் தெரியும். முதலில் வாட்சின் அடையாள எண்ணைக் கேட்பார்கள், ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல. பணம் போனதும் “ஆன்டெனா வீக், வார் மாத்தணும்” என்று இன்னொரு பில் வரும். என்னிடம் வந்த ஒருவர் இரண்டுக்கும் அழுதுவிட்டுத்தான் வந்தார். பால் பாக்கெட்டில்கூடத் தேதி இருக்கிறது. சந்தா கட்டினால்தான் உயிர் என்ற கருவியின் பெட்டியில் ‘இத்தனை வருஷம்தான்’ என்று போட ஒருவருக்கும் கை வருவதில்லை!

ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ரேடியோ அலையைப் பிடித்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் கேசியோ ‘வேவ்செப்டர்’ போன்ற ரேடியோ வாட்ச்கள் இன்றும் வேலை செய்கின்றன. கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸிலிருந்து 60 கிலோஹெர்ட்ஸில் அரசே நேரத்தை ஒலிபரப்புகிறது. நேரமும் தேதியும் மட்டும்தான், செய்தி கிடையாது. நியூஜெர்சி தூரம் என்பதால் பகலில் முயன்று சலித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி, மேற்குப் பார்த்த ஜன்னலோரம், டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் தள்ளி வையுங்கள். முதல் நாள் பிடிக்காவிட்டால் இரண்டு மூன்று ராத்திரி பாருங்கள். இந்த ரேடியோ வாட்சை ஊரில் மாமாவுக்குப் பரிசு கொடுக்க வேண்டுமானால், அங்கே அது வெறும் குவார்ட்ஸ் வாட்ச்தான். இந்தியாவில் இப்படி நெட்டலையில் (லாங் வேவ்) நேரம் ஒலிபரப்பும் நிலையம் இல்லை.

உங்கள் ஃபாசிலின் பின்மூடி புடைத்திருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்க வேண்டாம். உள்ளே பழைய பேட்டரி வீங்கியிருக்கலாம், ஆபத்து.