வன்னியில் புற்றுநோய் வீதம் மாவட்டத்துக்கு மாவட்டம் ஏன் மாறுகிறது? கேள்வி பதில்

கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். நோயாளரின் பெயர், ஒழுங்கை, வீட்டு இலக்கம் எதையும் இங்கே எழுத வேண்டாம். எங்கள் கிராமங்களில் "நாற்பது வயது, தைரொயிட்" என்ற இரண்டு சொல்லே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கிளிநொச்சி: யாழ்ப்பாணத்தில லட்சம் பேருக்கு எத்தனை எண்டு பாத்தா எங்களைவிடக் கூடவாத்தான் வருது. அங்கத்தைத் தண்ணியோ, சாப்பாடோ காரணம்?

தண்ணீருக்குப் போகுமுன் வயதைப் பாருங்கள். புற்றுநோய் பெரும்பாலும் வயது போனவர்களின் நோய். யாழ்ப்பாணத்தில் முதியோர் பங்கு கூட. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இளம் குடும்பங்கள் கூட.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் கணக்குக்காக மட்டும். இரண்டு மாவட்டத்திலும் ஒரே ஆபத்து என்று வைப்போம்: 30 வயதுக்குக் கீழ் லட்சத்துக்கு 10, 30 முதல் 59 வரை 100, 60க்கு மேல் 500. முதல் மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர். அவர்களில் 45,000 இளையோர், 37,000 நடுவயது, 18,000 முதியோர். நோயாளர் 4.5 + 37 + 90 = 131.5. இரண்டாவது மாவட்டத்திலும் ஒரு லட்சம் பேர்தான், ஆனால் 55,000, 36,000, 9,000 என்று பிரிந்திருக்கிறார்கள். நோயாளர் 5.5 + 36 + 45 = 86.5. ஆபத்து ஒன்றேதான். வீதம் மட்டும் ஒன்றரை மடங்கு.

இதைத் தீர்க்கத்தான் வயது நியமப்படுத்திய வீதம். ஒப்பிடுவதற்கென்று எல்லோரும் எடுக்கும் மாதிரிச் சனத்தொகை ஒன்று உண்டு, அதுதான் உலக நியமச் சனத்தொகை. அதில் ஒரு லட்சம் பேரில் 30க்குக் கீழ் 56,000, 30 முதல் 59 வரை 33,000, 60க்கு மேல் 11,000. ஒவ்வொரு வயதுக் கூட்டத்தின் வீதத்தையும் அந்தப் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள்: 5.6 + 33 + 55 = 93.6. இரண்டு மாவட்டத்துக்கும் இதே விடைதான் வரும். (உண்மையான வேலையில் ஐந்து ஐந்து வயதாக 18 கூட்டம் எடுப்போம். முறை இதுதான்.)

அறிக்கையைத் திறந்தால் முதலில் அட்டவணைத் தலைப்பைப் பாருங்கள். வயது நியமப்படுத்தியது என்று எழுதியிருக்காவிட்டால் யாழ்ப்பாணத்தையும் கிளிநொச்சியையும் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான்: முல்லைத்தீவில ஒரு வகைப் புற்றுநோய் போன வருசம் 4, இந்த வருசம் 9. இரண்டு மடங்குக்கு மேல. ஏன் ஒருத்தரும் சத்தம் போடேல்லை?

4 என்ற எண் தனி 4 அல்ல, தற்செயலாலேயே ஏறி இறங்கக்கூடியது. எதிலிருந்து எதுவரை ஏறி இறங்கலாம் என்று பார்க்கக் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. கீழ் எல்லைக்கு, எண்ணின் வர்க்கமூலத்தில் 1 கழித்து வர்க்கியுங்கள். மேல் எல்லைக்கு, எண்ணோடு 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1 கூட்டி வர்க்கியுங்கள். 4க்கு ஏறத்தாழ 1 முதல் 10 வரை வரும். 9க்கு 4 முதல் 17 வரை. இரண்டும் நன்றாக ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவில் சுமார் 92,000 பேர், யாழ்ப்பாணத்தில் சுமார் 5,83,000. சிறிய மாவட்டத்தில் ஒரு வருடத்தைத் தனியே எடுத்தால் கோடு கிணற்று வாளி போல ஏறி இறங்கும். ஐந்து வருடத்தைச் சேர்த்து ஒரு புள்ளியாகப் போடுங்கள். எண்ணிக்கை 5க்குக் கீழ் என்றால் அந்தக் கட்டத்தை வெளியிடவே வேண்டாம். முதலில் சொன்ன காரணம்தான்: ஆள் தெரிந்துவிடும்.

வவுனியா, ஆசிரியர்: ஏ.எல். மாணவர்களோடு 1990 முதல் இன்றுவரை வரைபு கீற யோசிக்கிறம். எங்க சிக்கல் வரும்?

நல்ல முயற்சி. சிக்கல் பின்னத்தின் மேலே அல்ல, கீழே இருக்கிறது. தேசிய புற்றுநோய்ப் பதிவேடு 1985இல் தொடங்கியது, நோயாளர் எண்ணிக்கை ஓரளவு கிடைக்கும். பகுக்க வேண்டிய சனத்தொகைதான் இல்லை. 1981க்குப் பிறகு வடக்கில் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான் நடந்தது. 2001 மதிப்பீடு 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது, வன்னி அதற்குள் இல்லை. இடையில் 31 வருடம். 1981க்கும் 2012க்கும் இடையே நேர்கோடு கீறி நிரப்பினால், இடம்பெயர்வு எதுவும் நடக்கவில்லை என்று மாணவர்களுக்குப் படிப்பித்ததாகிவிடும்.

2009ஐயும் 2010ஐயும் தனியே குறியுங்கள். வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில், போரில் இடம்பெயர்ந்த கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் கடைசி முகாம் மூடியது. முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவரின் முகவரியில் "வவுனியா" என்று விழுந்திருந்தால் அந்த நோயாளர் வவுனியாக் கணக்கில் ஏறி, முல்லைத்தீவில் இறங்குவார். 2013இல் தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது இன்னொரு முறிவு. கிட்ட ஓர் இடம் வந்தால் போகாதிருந்தவர்களும் போவார்கள், பதிவு கூடும். வரைபில் அந்த வருடங்களில் நிலைக்குத்துக் கோடு கீறி, பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்.

மடு: எந்த மாவட்டத்தில ஆகக் கூட?

எந்தப் புற்றுநோய், ஆணா பெண்ணா, எந்த ஐந்து வருடம்? அது இல்லாமல் விடை இல்லை.

மன்னார்: எங்கட ஆக்கள் சிலர் அநுராதபுரம், சிலர் மகரகம, சிலர் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகினம். ஒரு ஆளையே மூண்டு தரம் எண்ணுவினமோ?

எண்ணக்கூடும். தடுக்கிற வேலைதான் பதிவேட்டின் முக்கால்வாசி வேலை. முதல் சாவி அடையாள அட்டை இலக்கம். ஒரே ஆள் ஓரிடத்தில் பழைய ஒன்பது இலக்க அட்டையையும் இன்னோரிடத்தில் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையையும் கொடுத்தால் கணினிக்கு அது இரண்டு ஆள். மாற்றும் முறை இது: கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள், முன்னால் 19 போடுங்கள், பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு 0 செருகுங்கள். பழைய அட்டையில் மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரையுள்ள பிறந்த நாள் இலக்கம் 500க்கு மேல் என்றால் பெண். ஆண் என்று பதிந்திருந்தால் பிழை அங்கேயே பிடிபடும்.

இரண்டாவது பெயர். ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். கலியாணம் முடிந்த பெண்ணுக்கு ஓரிடத்தில் தகப்பனின் முதலெழுத்து, இன்னோரிடத்தில் புருசனின் முதலெழுத்து. ஆகவே பெயரை மட்டும் நம்பக்கூடாது. பிறந்த திகதி, கட்டி இருக்கும் இடம், துண்டெடுத்துச் சோதித்த அறிக்கையின் இலக்கம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். மறுபக்கமும் உண்டு: ஒரே ஆளுக்கு மார்பில் ஒன்றும் பிறகு குடலில் புதிதாக ஒன்றும் வந்தால் அது இரண்டு பதிவு. மார்பில் வந்தது எலும்புக்குப் பரவினால் ஒன்றுதான்.

முகவரி எல்லாவற்றையும்விட முக்கியம். தெல்லிப்பழையில் காட்டப் போகிற பலர் தங்கி நிற்கும் சொந்தக்காரரின் சுன்னாகம் முகவரியைக் கொடுக்கிறார்கள். அப்படி ஒவ்வொரு தடவையும் மன்னாரில் ஒன்று குறைந்து யாழ்ப்பாணத்தில் ஒன்று கூடுகிறது.

விசுவமடு: எங்கட ஒழுங்கையில பத்து வருசத்தில ஆறு பேருக்குப் புற்றுநோய். எல்லாம் செல்லடிச்ச நிலம். இதுக்கு வேற என்ன காரணம் சொல்லப் போறியள்?

முதலில் எதிர்பார்க்கக்கூடிய எண்ணைப் பாருங்கள். மாதிரிக்கு மேலே போட்ட கணக்கையே எடுப்போம்: லட்சத்துக்கு 86.5. 1,200 பேர் வாழும் கிராம சேவகர் பிரிவில் அது வருடத்துக்கு ஒன்று, பத்து வருடத்தில் பத்து. அந்தக் கணக்கில் ஆறு என்பது பயமூட்டும் எண் அல்ல. ஆனால் நீங்கள் சொல்வது ஒழுங்கை, பிரிவு அல்ல. நோயாளர் வீடுகளைப் பார்த்துவிட்டுப் பிறகு எல்லை கீறினால் எந்த ஊரிலும் வீதம் உயரும். எல்லை முதலில், எண்ணிக்கை பிறகு.

அந்த ஆறையும் இப்படிச் சோதியுங்கள். துண்டெடுத்து உறுதி செய்ததா? சாதாரணக் கட்டியும் சிறுநீரக வருத்தமும் ஊர்ப் பேச்சில் புற்றுநோயாகிவிடும். ஆறும் ஒரே வகையா? மார்பு, கருப்பைக் கழுத்து, வாய் என்று கலந்திருந்தால் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எத்தனை வயதில் வந்தது? அந்த இடத்தில் எத்தனை வருடம் வாழ்ந்தார்கள்? அரிதான ஒரே வகை, வழமையில்லாத இளவயது, ஒரே வேலைத்தலம் என்ற மூன்றில் ஒன்று இருந்தாலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள்.

செட்டிகுளம்: செல் இல்லை, களைநாசினி. வவுனியாவில சிறுநீரக வருத்தம் பாருங்கோ. செல் விழாத இடத்திலயும் வருது.

விசுவமடு: களைநாசினி நாடு முழுக்க அடிக்கினம். நடந்ததை மறைக்கத்தான் இப்பிடிக் கதைக்கினம்.

செட்டிகுளம்: ஒருத்தரும் மறைக்கேல்லை. ஆதாரம் கேக்கிறன்.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இருவர் சந்தேகத்தையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் மாவட்ட வீதம் இருவருக்கும் சாட்சி சொல்லாது.

செட்டிகுளத்தாருக்கு: காரணம் தெரியாத நீடித்த சிறுநீரக நோய் புற்றுநோயல்ல. அதை இந்தக் கணக்கில் கொண்டுவர வேண்டாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் கிளைபோசேற் என்ற களைநாசினியை "மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ வகையில் போட்டது. அந்த வகை, ஆதாரம் எவ்வளவு பலம் என்பதைச் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்லவில்லை. அங்கே மனிதரில் பேசப்பட்டது ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய். ஆகவே எல்லாப் புற்றுநோயையும் கூட்டி வைத்துக் களைநாசினி என்று சொல்வதில் பயன் இல்லை. நிணநீர்ப் புற்றுநோயைப் பிரித்து, மருந்தடிக்கிற கை யாருடையது என்று பார்க்க வேண்டும்.

விசுவமட்டாருக்கு: ஹிரோஷிமா, நாகசாகியில் இரத்தப் புற்றுநோய் சில வருடங்களிலேயே கூடத் தொடங்கியது. மற்றக் கட்டிகள் கூடுவது சுமார் பத்து வருடத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, பல பத்து வருடம் தொடர்ந்தது. அது கதிர்வீச்சு, வேறு பொருளுக்குக் கால இடைவெளி வேறாகலாம். என்றாலும் 2009ஐப் பற்றிக் கேட்க வேண்டிய காலம் இதுதான், நீங்கள் கேட்பது சரி. ஆனால் அன்று அங்கே நின்றவர்கள் இன்று எங்கே? வவுனியாவில், யாழ்ப்பாணத்தில், கனடாவில், தமிழ்நாட்டில். இன்று விசுவமட்டில் பதிவாகும் ஒருவர் 2012க்குப் பிறகு குடியேறியவராகவும் இருக்கலாம். இன்றைய முகவரியின் வீதம் அன்றைய நிலத்தைப் பற்றி எப்படிப் பேசும்?

விசுவமடு: அப்ப ஒண்டும் செய்யேலாதோ?

ஏலும். கிளினிக் கொப்பியில் மூன்று விடயம் எழுதப்பட வேண்டும்: 2008, 2009இல் எங்கே இருந்தார், என்ன தொழில் எத்தனை வருடம், வெற்றிலை, புகையிலை, சிகரெட் எவ்வளவு. கேட்காவிட்டால் நீங்களே சொல்லி எழுதுவியுங்கள். எழுதாத ஒன்றை இருபது வருடத்துக்குப் பிறகு எந்த ஆய்வாளரும் தோண்டி எடுக்க மாட்டார். மூன்றாவது விடயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களில் முன்வரிசையில் நிற்கிறது. புகையிலை இல்லாமல் பாக்கு மட்டும் போட்டாலும் புற்றுநோய் வரும் என்பது 2004இலேயே அந்த ஆய்வு முகவரகத்தின் முதல் வகையில், ஆகப் பலமான ஆதாரத்தோடு, உறுதியானது.

மாங்குளம்: தைரொயிட் புற்றுநோய் பெண்களில கூடிக்கொண்டே போகுது எண்டு சொல்லினம். உண்மையோ?

கண்டுபிடிப்பது கூடினாலும் வீதம் கூடும். தென்கொரியாவில் ஸ்கேன் பரவலானபோது 1993இலிருந்து 2011க்குள் தைரொயிட் வீதம் 15 மடங்காகியது, இறப்பு வீதம் அசையவில்லை. நோய் உண்மையிலேயே கூடினால் பெரிய கட்டிகளும் பிந்திய நிலைகளும் சேர்ந்து கூட வேண்டும். சின்னக் கட்டி மட்டும் கூடினால் ஸ்கேன் இயந்திரத்தைப் பாருங்கள்.

பூநகரி: கிளிநொச்சியிலயா முல்லைத்தீவிலயா கூட?

மடுவுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

துணுக்காய்: எங்கட பிரிவில இந்த வருசம் 3, போன வருசம் 1. மூண்டு மடங்கு...

ஒட்டுசுட்டானுக்குச் சொன்ன கைக்கணக்கைப் போடுங்கள். 5க்குக் கீழ் உள்ள எண்ணை வெளியிட வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன், பிரிவின் பெயரோடு எழுத வேண்டாம். தயவுசெய்து.

நெடுங்கேணி: வீட்டுத்திட்ட வீட்டில அஸ்பெஸ்டஸ் கூரை. கழட்டவா?

உடையாமல், துளைக்காமல் இருக்கும் தகட்டை அசைக்க வேண்டாம். ஆபத்து தூசியில். கழற்றத்தான் வேண்டுமென்றால் தண்ணீர் அடித்து நனைத்து, முழுத்தகடாக இறக்குங்கள். கிரைண்டரால் வெட்டக்கூடாது. காய்ந்த தூசியைக் கூட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டுங்கள். அது உண்டாக்கும் நுரையீரல் உறைப் புற்றுநோய் 20 முதல் 50 வருடம் கழித்து வருவது. இன்றைய வீதத்தில் தேட வேண்டாம்.

அக்கராயன்: அம்மாவுக்கு 58. வெத்திலை போடுறவா. கன்னத்துக்குள்ள வெள்ளைப் படை, ஒரு மாசமாப் புண்ணும் ஆறேல்லை. வலி இல்லை எண்டு வரமாட்டன் எண்டுறா.

வலி இல்லாததுதான் கவலை. இரண்டு கிழமைக்குள் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் காட்ட வேண்டும். நாளைக் காலை கிட்ட உள்ள ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பார்த்து, தேவையென்றால் துண்டெடுக்க அனுப்புவார்கள். வெற்றிலையை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பதிவு மேசையில் முகவரி கேட்டால் அக்கராயன் முகவரியைச் சொல்லுங்கள், வேறிடத்தில் உள்ள சொந்தக்காரரின் முகவரியை அல்ல.