படிக்க முடியாத எழுத்துகள்

கேள்வி: சென்ற வாரம் ஒரு மாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் காட்சிக்கூடத்துக்குச் சென்றேன். கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியத்தில் இருந்த எழுத்துகளை எவ்வளவு முயன்றும் படிக்க இயலவில்லை. குறை என்னுடையதா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: குறை உங்களுடையது அன்று, அவை படிப்பதற்காக எழுதப்பட்ட எழுத்துகளே அல்ல. 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைத் தொடங்கிய பணிக்கர், மலையாள எழுத்தின் வளைவுகளையும் ஜாதகக் கட்டங்களையும் கணிதக் குறிகளையும் நினைவூட்டும் வடிவங்களை, அவற்றின் பொருளைக் களைந்துவிட்டு, கோட்டின் அழகுக்காகவே ஓவியத்தில் நிரப்பினார். எழுத்தறியாத வயதில் பாட்டியின் பெட்டியிலிருந்த பழைய ஜாதகத்தை விரித்து வைத்து நாம் வியந்து பார்த்தோமே, அந்தப் பார்வையே இவ்வோவியங்களுக்குப் போதுமானது என்பது என் உறுதியான எண்ணம். மேலை நாட்டு நவீன ஓவியத்தை நன்கு கற்றிருந்தும் அதன் நகலாகிவிடாமல், நம் மண்ணின் கோடுகளிலிருந்தே ஒரு நவீனத்தை உருவாக்க அவர் மேற்கொண்ட தேடல் இது. நீங்கள் சென்ற கிராமமும், அவரது தலைமையில் 1966-இல் ஓவியர்களும் சிற்பிகளும் பத்திக் எனும் மெழுகுச் சாயத் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கி அமைத்ததுதான். அடுத்த முறை, முதலில் பத்தடி தள்ளி நின்று வண்ணங்களை மட்டும் பாருங்கள். அதன்பின் மெல்ல நெருங்கி, ஒரே ஒரு கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள்.