நாகேஷைப் பற்றிக் கேளுங்கள்

பெரம்பூர் வாசகர்: திருவிளையாடல் தருமிதானே நாகேஷின் உச்சம்?

ஊரே அப்படித்தான் சொல்கிறது, எனக்கு ஒப்புதல் இல்லை. தருமி கொஞ்ச நேரமே வந்து கைதட்டலை அள்ளிக்கொண்டு போகிற வேடம். தில்லானா மோகனாம்பாள் வைத்தி அப்படியல்ல. பெரிய மனிதர்களின் ஆசைக்குத் தரகு பார்க்கிற ஆள், பார்த்தாலே அருவருக்க வேண்டும். ஆனால் நாகேஷ் குனிந்து, குழைந்து, கண்ணை உருட்டும்போது நாமும் சிரித்துத் தொலைக்கிறோம். வில்லனைச் சிரிப்போடு விழுங்க வைப்பது லேசில்லை.

அம்பத்தூர் வாசகர்: ஜெர்ரி லூயிஸைப் பார்த்துச் செய்தவர் என்கிறார்களே?

ஒல்லி உடம்பு, நிற்காத கால், சரி. அதற்குமேல் வைத்தியை எந்த அமெரிக்கரிடமிருந்து எடுத்திருப்பார்?

திருவல்லிக்கேணி வாசகர்: அவர் நடிப்பில் எதைக் கவனிக்க வேண்டும் ஐயா?

காதலிக்க நேரமில்லை படத்தில் (1964) பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். சத்தம், கை, கண் எல்லாம் நாகேஷுடையது. பயம் மட்டும் பாலையா முகத்தில். எதிராளி பயப்படுவதற்கு இடம்விட்டு, அது முகத்தில் வந்த பிறகே அடுத்த சத்தத்தை எடுப்பார். இப்போது காமெடி செய்பவர்கள் பலருக்கு அந்தப் பொறுமை இல்லை. மகளிர் மட்டும் (1994) படத்தில் பிணமாக வந்தார். வசனமும் இல்லை, கண்ணும் திறக்கக் கூடாது. அதிலும் சிரிக்க வைத்தாரே!

தி. நகர் வாசகர்: தனிப்பட்ட முறையில் எப்படிப்பட்டவர்?

தாராபுரத்துக்காரர். சென்னையில் ரயில்வே குமாஸ்தா வேலை, மாலையில் நாடகம். உங்கள் தி. நகரில்தான் கவிஞர் வாலியோடு ஜாகை. இருவருக்கும் சினிமா கதவு திறக்காத காலம். கையில் சம்பளம் இருந்தவர் நாகேஷ். அந்த நாட்களில் அவர் தன்னைத் தாங்கியதை வாலி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் 1964-இல் சர்வர் சுந்தரம் வந்தது. "அவளுக்கென்ன" பாட்டை எழுதியது வாலி, ஆடியது நாகேஷ். அம்மைத் தழும்பு முகத்தைப் பற்றி அவரே கிண்டலடிப்பார். அடுத்தவர் முந்திக்கொள்ள வழியே இல்லை.

தாம்பரம் வாசகர்: விருது எதுவும் கொடுக்கவில்லையாமே?

நம்மவர் படத்துக்குத் தேசிய விருது வந்தது, சிறந்த துணை நடிகர். மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக அதில் அழ வைத்தார். பத்ம விருது கிடைக்கவில்லை. 2009 ஜனவரி 31-இல் காலமானார். அதுவரை டெல்லிக்கு நேரம் கிடைக்கவில்லை போலும்.

வேளச்சேரி வாசகர்: என் மகனுக்கு 15 வயது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

காதலிக்க நேரமில்லை. அது பிடித்துவிட்டால் எதிர் நீச்சல் (1968). மாடிப்படி மாதுவைத் தாங்கிக்கொண்டால் நீர்க்குமிழி கொடுங்கள். சர்வர் சுந்தரத்தை நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள்.