மொட்டைமாடி ஏசி யூனிட்டின் டக்டில் இருக்கும் புகை டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது?

காட்பாடிப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தின் பராமரிப்பைக் கவனிப்பவர் கேட்டிருக்கிறார்: கூரையிலேயே புகை டிடெக்டர் இருக்கும்போது மொட்டைமாடி யூனிட்டின் டக்டில் (காற்று போகும் பெரிய தகரக் குழலில்) இன்னொன்று எதற்கு, ஹோமம் வளர்க்கும்போது ஏசி ஏன் நின்றுவிடுகிறது? வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஏசி பராமரிப்புத் தொழிலில் இருப்பதால், எனக்குத் தெரிந்த அளவில் விளக்குகிறேன்.

டக்டில் இருக்கும் டிடெக்டரின் முதல் வேலை ப்ளோயரை (காற்றைத் தள்ளும் விசிறியை) நிறுத்துவதுதான். ஒரு டன் குளிரூட்டும் திறனுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி என்ற வழக்கமான கணக்கின்படி, 8.5 டன் யூனிட் ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3400 கன அடி காற்றைச் சுழற்றுகிறது. மணமகள் அறையில் ஒரு பிளக் பாயிண்ட் கருகினால், அந்தப் புகையை, அறைக் காற்று யூனிட்டுக்குத் திரும்பும் ரிட்டர்ன் வழியாக இழுத்து, சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இதைவிட வேகமான வழி வேறு இல்லை. யூனிட்டில் இருக்கும் சாதாரண ஃபில்டர் தூசியைப் பிடிக்குமே தவிர, புகையைப் பிடிக்காது. இதனால்தான் அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ.வின் 90ஏ தரம், நிமிடத்துக்கு 2000 கன அடிக்கு மேல் காற்றைத் தள்ளும் அமைப்புகளில் அறைகளுக்குக் காற்று போகும் சப்ளைப் பக்கம் ஃபில்டரைத் தாண்டிய இடத்தில், முதல் கிளை பிரிவதற்கு முன்பாக டிடெக்டர் வைக்கச் சொல்கிறது. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேச மெக்கானிக்கல் கோடு அதே 2000 கன அடி வரம்பை ரிட்டர்ன் பக்கத்துக்கு விதிக்கிறது. சப்ளையில் இருப்பது யூனிட்டுக்குள்ளேயே மோட்டாரோ பெல்ட்டோ ஃபில்டரோ கருகினால் கண்டுபிடிக்கும்; ரிட்டர்னில் இருப்பது அறையிலிருந்து வரும் புகையைக் காணும்.

இனி அது வேலை செய்யும் விதம். டிடெக்டரின் பெட்டி டக்டுக்கு வெளியே இருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் உள்ளே போகும். நீளமானது சாம்பிளிங் டியூப். டக்டின் அகலத்தில் பெரும்பகுதியைக் கடந்து நிற்கும் அதன் துளைகள் காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். குட்டையானது எக்ஸாஸ்ட் டியூப். காற்று வந்து மோதும் துளைகளில் அழுத்தம் கூடுதலாகவும், எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் குறைவாகவும் இருப்பதால், தனி மின்விசிறி ஏதும் இல்லாமலே சிறிதளவு காற்று ஒரு குழாயில் ஏறி, பெட்டியைக் கடந்து, மற்றதன் வழியே டக்டுக்குத் திரும்புகிறது. இந்த அழுத்த வேறுபாடு இல்லையென்றால் எவ்வளவு விலை உயர்ந்த சென்சாரும் குருடுதான். குழாயைத் திருப்பிப் பொருத்துவது, அதன் கடைசி முனையின் மூடியை விட்டுவிடுவது, பெட்டி மூடியின் ரப்பர் கேஸ்கெட் வெயிலில் காய்ந்து வெடிப்பது ஆகியவையே நான் பார்த்த கோளாறுகளில் மிகுதி. சென்சாரே பழுதாவது அபூர்வம். பல மாடல்கள் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 4000 அடிக்குள் இருக்க வேண்டும் என்று கையேட்டில் குறிப்பிடுகின்றன. ப்ளோயர் நின்றிருக்கும்போது டிடெக்டருக்குள் காற்றே போகாது. கூரை டிடெக்டரை எடுத்துவிட்டு இதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். பல அறைகளின் சுத்தமான காற்றோடு கலந்து புகை நீர்த்துப்போன பிறகே இங்கே வந்து சேர்கிறது என்பது இன்னொரு காரணம்.

பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒளி வகைச் சென்சார். இருட்டான சிறு அறையில் ஒரு எல்.இ.டி. ஒளி வீசும், ஒளி உணரி அதற்கு நேராக இல்லாமல் கோணத்தில் இருக்கும். புகைத் துகள் நுழைந்து ஒளியைச் சிதறடித்தால் மட்டுமே உணரிக்கு வெளிச்சம் தெரியும். உடனே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாறி, யூனிட்டின் 24 வோல்ட் கன்ட்ரோல் சர்க்யூட்டைத் துண்டிக்கும். ப்ளோயரும் கம்ப்ரஸரும் நிற்கும். குளிர்நாடுகளின் யூனிட்டுகளில் கேஸ் பர்னர் இருந்தால் அதுவும் அணையும். ஆனால் வெப்பப் பரிமாற்றி விரிசல் விட்டுக் கார்பன் மோனாக்சைடு கசிந்தால் இந்தச் சென்சாருக்குத் தெரியாது. அதற்கு வேறு கருவி வேண்டும். நம் ஊரில் ஹீட்டருக்கு வேலையே இல்லை என்பதால் அந்தக் கவலையும் இல்லை. இன்னொரு ஜோடி கான்டாக்ட் தீ எச்சரிக்கை பேனலுக்குச் செய்தி அனுப்பும். புகை விலகினாலும் யூனிட் தானாக ஓடாது. யாராவது வந்து ரீசெட் செய்ய வேண்டும்.

ஹோமத்தில் நடப்பதும் இதுவே. நெய்யும் சமித்தும் எரியும் புகைக்கும் திரைச்சீலை எரியும் புகைக்கும் வேறுபாடு சென்சாருக்குத் தெரியாது. போகியன்று விடியற்காலையில் வெளிக்காற்று டேம்பரை (வெளிக்காற்றை உள்ளே விடும் தகடுக் கதவை) திறந்து வைத்தாலும், தோல் தொழிற்சாலையின் பஃபிங் (தோலைத் தேய்த்து மெருகேற்றும்) தூசி ரிட்டர்னுக்கு வந்தாலும் இதே தொல்லைதான். இதற்காகச் சிலர் டெர்மினலில் ஒரு துண்டு வயரைப் போட்டு டிடெக்டரையே தாண்டிவிடுகிறார்கள். முகூர்த்தம் முடிந்ததும் அதை எடுக்க யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதைவிட, ஹோம குண்டத்துக்கு அருகில் இருக்கும் ரிட்டர்ன் கிரில்லை வேறிடத்துக்கு மாற்றலாம். முடியாவிட்டால் ஹோமம் முடியும்வரை யூனிட்டை நிறுத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடலாம்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி விளக்கு எரிகிறது என்று கையெழுத்து வாங்கினால், மின்னணுப் பகுதியும் ரிலேயும் வேலை செய்கின்றன என்று மட்டுமே பொருள். குழாயில் காற்று போகிறதா என்பது அதில் தெரியாது. இரண்டு குழாய்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை மனோமீட்டர் என்ற அழுத்தமானியில் அளந்து, கையேட்டில் உள்ள எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பிறகு, ப்ளோயர் ஓடும்போது சோதனைப் புகையைச் செலுத்தி, அது உண்மையில் நிற்கிறதா என்பதை மொட்டைமாடிக்கே ஏறிப் பார்த்த பின்பு கையெழுத்திடுங்கள்.