கச்சான் என்று எழுதினால் போதும்

கேள்வி: கடலோர வாழ்க்கையைச் சொல்லும் ஒரு நாவலை வாசித்துவருகிறேன். அதன் சொற்கள் என்னைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன; ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். “கதையை விட்டுவிட்டு வார்த்தை பொறுக்குகிறாய். அவரும் அகராதியைக் கொட்டி வைத்திருக்கிறார்” என்கிறார் என் அண்ணன். நான் வாசிக்கும் விதம் தவறா?
– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தவறே இல்லை, சகோதரி. நல்ல நாவலில் சொல்லுக்குள்தான் கதை இருக்கிறது.

இருபக்கமும் கடல் கொண்ட ராமேஸ்வரம் தீவில் இருக்கும் உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். ‘பலத்த காற்று வீசியது’ என்று எழுதினால், அது எந்த ஊர்க் காற்றாகவும் இருக்கலாம். தென்மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்பார்கள்; ‘கச்சான் எழும்பிவிட்டது’ என்று எழுதிப் பாருங்கள். தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கியிருக்கும், வத்தை, வல்லம் போன்ற நாட்டுப் படகுகள் வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வந்து சேரும் என்பதெல்லாம் உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். வாடை திரும்பினால் எல்லாம் தலைகீழ். இப்போது அந்தச் சொல்லை ஒரு பெண்ணின் வாயில் வைப்போம்: “கச்சான் எழும்பியும் இவர் ஏன் தெற்கே போனார்?” கடலையே பார்த்திராத வாசகருக்கும் அவள் வயிற்றைப் பிசைவது தெரிந்துவிடும். காற்றின் திசையை அவர் பிறகு விசாரித்துக்கொள்ளட்டும்.

பெயர்ச்சொற்களோடு நின்றுவிடாதீர்கள், வினைகளைக் கவனியுங்கள். எழுத்தாளரின் கைத்திறனை நான் அங்கேதான் தேடுவேன். வீச்சுவலையை வீச ஒருவர் போதும். கரைவலையை வளைக்க ஆள்கூட்டம் வேண்டும். ‘வலையை வளைத்தார்கள்’ என்ற இரண்டே சொற்களில் ஒரு கரை முழுக்க மனிதர்கள் வந்து நின்றுவிடுகிறார்கள்.

அண்ணன் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. கடலைக் குறிக்கும் ‘முந்நீர்’, படகைக் குறிக்கும் ‘திமில்’ போன்றவை சங்கப் பாடல்களில் அத்தனை அழகு. இன்றைக்கு விசைப்படகில் டீசல் கணக்குப் பார்ப்பவரின் பேச்சில் அவற்றைத் திணித்தால் பேசுவது எழுத்தாளர்தான், பாத்திரம் அல்ல. அரிய சொல் வந்தாலே வளமான நடை என்று நம்பிவிட வேண்டாம். இந்த ஆள், இந்த இடத்தில், இதைச் சொல்வாரா என்று கேளுங்கள். கதைசொல்லியின் குரல் என்றால், அந்தச் சொல் இல்லாமல் அந்தக் காட்சி இதே அளவுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் தேறாத பக்கங்களை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். நீங்களும் தாண்டலாம்.

முதல் வாசிப்பில் அகராதி வேண்டாம். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். பாதிச் சொற்கள் அடுத்தடுத்த பக்கங்களில் தாமாகவே விளங்கிவிடும். மிச்சத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது இணையத்திலும் கிடைக்கிறது. கரையில் புழங்கும் சொல் எல்லாம் அதில் அகப்படாது. அவற்றை வீட்டுப் பெரியவர்களிடமும், மீன் ஏலம் எடுக்கும் பெண்களிடமும், கடல்பாசி எடுக்கப் போகிறவர்களிடமும் கேளுங்கள். கரிசல் வட்டாரத்துக்குக் கி. ராஜநாராயணன் அகராதியே தொகுத்தார். நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினால் போதும். சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதாமல், நாவலின் எந்தக் கட்டத்தில், யார் வாயிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.